மருத்துவமனை எவ்வளவு தூரம்?

கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் விவசாயி அன்றைக்கே அதைக் கழற்றி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்க் காயில் கட்டக் கொடுத்துவிடுவார். கறவை மாடு தீனி எடுக்காமல் நின்றால் பொழுது சாய்வதற்குள் கால்நடை மருத்துவருக்குப் போன் போய்விடும். அதே மனிதர் மூன்று மாதமாக இரவில் தூங்குவதில்லை. வீட்டில் யாரோடும் பேச்சில்லை. சாயங்காலமானால் கால் தானாக டாஸ்மாக் பக்கம் போகிறது. மனைவிக்குத் தெரியும், அண்ணன் தம்பிக்குத் தெரியும், ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனாலும் அவர் மருத்துவரிடம் போவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: வெட்கம், அறியாமை, ‘பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ’ என்ற பயம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இது மட்டுமே காரணம் என்றால் நாலு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால் சரியாகிவிட வேண்டும். கூட்டங்கள் போட்டு வருடக்கணக்கில் ஆகிறது, சரியாகவில்லை. தடையில் பெரும்பங்கு அந்த விவசாயியின் மனதுக்குள் இல்லை, அவருக்கும் உதவிக்கும் நடுவில் கிடக்கும் தூரத்தில் இருக்கிறது என்பதை இந்த அத்தியாயத்தில் காட்ட முயல்கிறேன். தூரம் என்றால் அதை அளக்கலாம். அளக்க முடிந்ததைக் குறைக்கவும் வழி தேடலாம்.

ஜார்விஸ் போட்ட கணக்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் வாழ்ந்தார். மருத்துவத்தைவிடக் கணக்கில் அவருக்கு ஆர்வம் அதிகம். அப்போது அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசு மனநல மருத்துவமனைகள் புதிதாக எழுந்துகொண்டிருந்தன. மாநிலம் முழுவதற்கும் பொதுவான மருத்துவமனை. எந்த மூலையிலிருந்தும் யாரும் வரலாம். எனவே எல்லாப் பகுதிகளிலிருந்தும் மக்கள்தொகைக்கு ஏற்றபடி நோயாளிகள் வந்திருக்க வேண்டும். ஜார்விஸ் பதிவேடுகளை எடுத்து, யார் எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தார்.

மருத்துவமனை இருந்த பகுதியிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். அடுத்த பகுதியிலிருந்து அதைவிடக் குறைவு. இன்னும் தள்ளிப் போகப் போக எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போனது. ஒரு மருத்துவமனையில் மட்டுமல்ல, அவர் பார்த்த மாநிலங்களிலெல்லாம் இதே சரிவு. மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் யாருக்கும் மனநோய் கூடிவிடாது. அப்படியென்றால் தூரத்து ஊர்களிலும் அதே அளவு நோயாளிகள் இருந்திருக்கிறார்கள், வரவில்லை, அவ்வளவுதான். 1850இல் அவர் இதை வெளியிட்டார். இன்றும் இதை ‘ஜார்விஸ் விதி’ என்றே சொல்கிறார்கள்.

ஜார்விஸ் தந்த விளக்கம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வண்டிக் கூலியும் பயண அலுப்பும் ஒரு காரணம் என்றார். அதோடு இன்னொன்றையும் சொன்னார். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அந்த மருத்துவமனை பழக்கமான இடம். உள்ளே போனவர் குணமாகித் திரும்பி வந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தூரத்து ஊர்க்காரருக்கோ அது வதந்தியால் கட்டிய கட்டடம். பயமும் வெட்கமும்கூடத் தூரத்தோடு சேர்ந்தே வளர்கின்றன என்றுதான் இதற்குப் பொருள். அறியாமை ஒரு பக்கம், தூரம் ஒரு பக்கம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேசுவது சரியில்லை.

கிலோமீட்டரில் அடங்காத தூரம்

இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோமீட்டர் என்று வரைபடம் சொல்கிறது. அவருடைய கணக்கு வேறு. விடிகாலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தனியாகப் போக முடியாத நிலையில் இருப்பவருக்குத் துணைக்கு ஒருவர் வேண்டும்; இரண்டு பேருடைய அன்றைய வேலை போச்சு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்ச ஆள் வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும். ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்க்கும்போது மதியமாகிவிடும். மாத்திரை தருகிறார்கள். ‘மறுபடி வாங்க’ என்கிறார்கள்.

அந்த ‘மறுபடி’யில்தான் கதை முறிகிறது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் தலைவலி மாத்திரை போல உடனே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆனால் குமட்டல், வாய் வறட்சி, தலைச்சுற்றல் போன்ற தொந்தரவுகள் முதல் வாரமே வந்துவிடும். அதாவது முதல் பயணத்துக்குக் கிடைக்கும் கூலி தொந்தரவு மட்டும்தான். பலன் வரும் சமயத்தில் மாத்திரை தீர்ந்துபோயிருக்கும். அது நடவு வாரமாகவும் இருந்துவிட்டால் இரண்டாம் பயணம் நடக்காது. ‘போய்ப் பார்த்தேன், ஒண்ணும் கேக்கல’ என்று அவர் சொல்வது பொய்யில்லை.

இப்போது மோட்டாரையும் மாட்டையும் திரும்பப் பாருங்கள். மோட்டாருக்கு ஒரே பயணம், திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் பலன் தெரியும். மாட்டுக்குப் பயணமே கிடையாது. மருத்துவர் கொட்டிலுக்கு வருகிறார். மனதுக்கு மட்டும் பல பயணம், தாமதமான பலன், அதுவும் ஊர் பார்க்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து. தன் உயிரைவிட மோட்டாரை மதிக்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. எந்தக் கணக்கு அவருக்குக் கட்டுப்படியாகிறதோ அதைச் செய்கிறார்.

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில். 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரியில் செய்து பார்த்த மாதிரியைக் கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. அதன் பிறகும், பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய ஆய்வில், மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தது தெரியவந்தது. மது அடிமை நோயிலும் ஏறத்தாழ அதே அளவு. நோயுள்ளவர்களுக்கும் சிகிச்சை பெறுபவர்களுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் ‘சிகிச்சை இடைவெளி’ என்பார்கள்.

பண்ணைக்காரரின் காலை ஐந்து மணி

வறுமைதான் காரணம் என்று தோன்றினால், அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில் சோளம் போடுபவரும், மாட்டுப் பண்ணை வைத்திருப்பவரும் இதே இடத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட கவுண்டிகளில் ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு.) ஊரில் ஒரே ஒரு ஆலோசகர் இருந்தாலும், அவர் வாசலில் யாருடைய பிக்கப் வண்டி நிற்கிறது என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வலி மாத்திரை அடிமைத்தனத்தில் இந்தத் தூரம் இன்னும் கொடியது. பண்ணை வேலை உடம்பை நொறுக்கும் வேலை. முதுகு, தோள், முட்டி என்று அடிபட்டவர்களுக்கு ஓபியாய்டு வகை வலி மாத்திரைகள் எழுதித் தரப்பட்டன. பலருக்கு வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. 2017இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய விவசாயச் சங்கங்கள் எடுத்த கணக்கெடுப்பில், விவசாயிகளிலும் பண்ணைத் தொழிலாளர்களிலும் 74 சதவீதம் பேர் இந்தப் பிரச்சினை தங்களை நேரடியாகத் தொட்டிருக்கிறது என்றார்கள்.

இதற்கு நல்ல மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்று மெதடோன். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி போதை மீட்புக்கு மெதடோனை அதற்கென உரிமம் பெற்ற மையத்தில்தான் தருவார்கள். ஆரம்ப மாதங்களில் தினமும் நேரில் போய், ஊழியர் முன்னால் நின்று குடிக்க வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. பால் பண்ணைக்காரர் காலை ஐந்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கறந்தாக வேண்டும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மையம் நூறு கிலோமீட்டரில் இருந்தால் அந்த மருந்து அவரைப் பொறுத்தவரை இல்லாத மருந்து. மாத்திரையாக வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடிய பூப்ரெனார்ஃபின் என்ற இன்னொரு மருந்தை எழுதித் தர, மருத்துவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கிராமங்களில் அந்த அனுமதி வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. 2022 டிசம்பர் இறுதியில் வந்த சட்டம்தான் அந்தத் தனி அனுமதியை நீக்கியது. எந்த விஞ்ஞானியும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துப்போட்டதும் மருந்து பண்ணைக்கு நெருங்கி வந்தது.

அந்த நாட்டு அரசும் விரைந்து செயல்பட்டதாகச் சொல்ல முடியாது. 1980களில் வட்டி ஏறி, நில மதிப்பு சரிந்து, தலைமுறை தலைமுறையாக வந்த பண்ணைகள் ஏலத்துக்குப் போனபோது அயோவா மாநிலத்தில் விவசாயிகளுக்கென ஒரு தொலைபேசி உதவி எண் 1985இல் தொடங்கப்பட்டது. நாடு தழுவிய உதவி வலையமைப்புக்கு 2008 விவசாயச் சட்டத்தில் இடம் கிடைத்தது. பணம் ஒதுக்கப்படவில்லை. அடுத்து 2018 சட்டத்துக்குப் பிறகுதான் நிதி வந்தது. பத்து வருடம் அந்த உதவி சட்டப் புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அமராவதியின் முப்பது கிராமங்கள்

தூரத்தைக் குறைத்தால் என்ன நடக்கும்? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கிழக்கே விதர்பா. மழையை நம்பிப் பருத்தியும் சோயாவும் போடும் கறுப்பு மண் பூமி. விவசாயிகள் தற்கொலை என்றாலே செய்திகளில் முதலில் வரும் பெயர் அது. அங்கே அமராவதி மாவட்டத்தில் 30 கிராமங்களை எடுத்துக்கொண்டு ‘விஷ்ராம்’ என்ற திட்டத்தை நடத்தினார்கள். அதன் முடிவுகளை ராகுல் ஷிதாயே, விக்ரம் படேல் உள்ளிட்டோர் 2017இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியிட்டார்கள்.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. கிராமத்துக்குள்ளேயே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இருந்தார்கள். இவர்கள் சின்னச் சின்னக் கூட்டங்களாக மக்களை உட்காரவைத்துப் பேசுவார்கள். தூக்கம் கெட்டவர், ஒதுங்கிப் போனவர், குடி மிஞ்சியவர் யார் என்று கவனிப்பார்கள். முதல் ஆறுதலைத் தருவார்கள். அதற்கு அடுத்த படியில், மருத்துவம் படிக்காத, ஆனால் பேச்சு சிகிச்சையில் முறையாகப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். அதையும் தாண்டிய கடுமையான நோய்க்கு மட்டும் மனநல மருத்துவர். நம் வழக்கமான ஏற்பாட்டில் விவசாயி முதல் நாளே நிபுணரிடம் போய் நிற்க வேண்டும். இங்கே நிபுணர் கடைசியில் வருகிறார். தெரிந்த முகம் முதலில் வருகிறது.

திட்டம் தொடங்கும் முன்னும் 18 மாதம் கழித்தும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். மனச்சோர்வு இருப்பவர்களில் எத்தனை பேர் அதற்காக யாரிடமாவது உதவி பெற்றிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. இந்த விகிதத்தை ‘உதவி எட்டிய வீதம்’ என்று அழைப்போம். முன்பு அது 4.3 சதவீதம். பின்பு 27.2 சதவீதம்.

இந்தச் சதவீதங்களை ஒரு ஊரில் இறக்கிப் பார்ப்போம். ஆயிரம் பெரியவர்கள் வாழும் ஒரு கிராமம். முதல் கணக்கெடுப்பில் மனச்சோர்வு 14.6 சதவீதம் பேருக்கு இருந்தது; ஆக, நம் கிராமத்தில் 146 பேர். அவர்களில் உதவி எட்டியது ஆறு பேருக்கு. மீதி 140 பேர் வரப்பிலும் திண்ணையிலும் அடுப்படியிலும் தனியாக அதைச் சுமந்துகொண்டிருந்தார்கள். பதினெட்டு மாதம் கழித்து மனச்சோர்வு 11.3 சதவீதம், 113 பேர். அவர்களில் 31 பேருக்கு உதவி எட்டியிருந்தது. ஆறு, முப்பத்தொன்றாகிவிட்டது. கடந்த ஓராண்டில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 5.2 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைந்தார்கள். நம் கிராமக் கணக்கில் 52 பேர் 25 பேரானார்கள்.

கணக்கைக் கொஞ்சம் உரசிப் பார்க்கவும் வேண்டும். திட்டம் நடக்காத வேறு முப்பது கிராமங்களை ஒப்பீட்டுக்கு வைத்து இந்த ஆய்வு நடக்கவில்லை. ஆகவே மனச்சோர்வு 14.6இலிருந்து 11.3 ஆனது முழுக்கத் திட்டத்தின் வேலைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நல்ல மழையோ நல்ல பருத்தி விலையோகூட மனதைத் தூக்கியிருக்கலாம். ஆனால் உதவி எட்டிய வீதம் ஆறு மடங்கானதை மழையின் கணக்கில் எழுத முடியாது. அதே மக்கள், அதே சாதிக் கட்டு, அதே வெட்கம், அதே படிப்பு. மாறியது ஒன்றுதான்: உதவி நடந்து வந்தது. ஜார்விஸ் 1850இல் பதிவேட்டில் பார்த்த சரிவை இவர்கள் தலைகீழாக ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

31 பேர் போக, இன்னும் 82 பேர் மீதி இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பேசிப் பேசியே நோய் தீருமா?

மருத்துவம் படிக்காதவர் எட்டு முறை வந்து பேசினால் நோய் எப்படிக் குறையும் என்று சந்தேகம் வருவது நியாயம். இந்த ஆலோசகர்கள் புத்திமதி சொல்வதில்லை. ‘கவலைப்படாதே, எல்லாம் சரியாகும்’ என்று தேற்றுவதும் இல்லை. அவர்கள் செய்வது ஒரு குறிப்பிட்ட முறை. அதைச் ‘செயல்தூண்டல் சிகிச்சை’ எனலாம்.

அதன் பின்னால் இருக்கும் விஷயம் இது. மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாக விடுகிறார். முதலில் டீக்கடைப் பேச்சு நிற்கும். பிறகு கோயில் கொடைக்குப் போவது, தம்பி வீட்டு விசேஷம், கடைசியில் காடு. ஒவ்வொன்றை விடும்போதும் அந்த நேரத்துக்கு ஒரு நிம்மதி. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் மனதுக்குச் சின்னச் சின்னத் தெம்பு வந்துகொண்டிருந்த வழிகளும் இவைதான். அவை அடைபட அடைபடச் சோர்வு கூடுகிறது. சோர்வு கூடக் கூட இன்னும் விடுகிறார். களை மண்டிய காட்டைப் பார்க்கவே பயந்து அந்தப் பக்கம் போகாமல் இருப்பார். போகாததால் களை இன்னும் மண்டும்.

‘மனசு சரியானதும் வேலை செய்வேன்’ என்பது நோயாளியின் நம்பிக்கை. ஆலோசகர் வரிசையை மாற்றுகிறார். ‘நாளைக் காலை ஆறு மணிக்குக் காட்டுக்குப் போங்க. களை எடுக்க வேண்டாம். கிழக்கு வரப்பு வரைக்கும் நடந்துட்டு வாங்க. எப்படி இருந்ததுன்னு வந்து சொல்லுங்க.’ அவ்வளவுதான். மறுவாரம், ஒரு பாத்தி. அதற்கு மறுவாரம், ஒதுக்கிவைத்திருந்த கூட்டுறவுச் சங்கக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது. எந்த நாளில் என்ன செய்தார், அப்போது மனது எப்படி இருந்தது என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். செயல் முன்னால் போக, மனது பின்னால் வருகிறது.

இந்த முறையைக் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முறைப்படி சோதித்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள், அமர்வுக்கு முப்பது நாற்பது நிமிடம், கூடுதலாகக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 64 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து வெளியே வந்தார்கள். மற்றவர்களில் 39 சதவீதம். இங்கே ஒப்பீட்டுக் குழு இருக்கிறது. விதர்பா ஆய்வில் நான் எழுப்பிய சந்தேகத்துக்கு இது ஓரளவு பதில் சொல்கிறது.

தூக்கத்துக்குக் குடிப்பது

‘குடிச்சாத்தான் தூக்கம் வருது’ என்று எத்தனையோ விவசாயிகள் சொல்வார்கள். முதல் பாதி இரவுக்கு அது உண்மை. மது மூளையை அமுக்கித் தூங்கவைக்கிறது. ஆனால் அது உடம்பிலிருந்து இறங்க இறங்க, பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகிறது. விடியுமுன் விழிப்பு, வியர்வை, படபடப்பு. அந்தப் படபடப்போடு கடன் நினைப்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் மாலை அதே மருந்தைத் தேட வேண்டும். கவலைக்குக் குடித்தவருக்குக் குடியே கவலையின் உற்பத்தி இடமாகிவிடுகிறது. அதனால்தான் மனநலத்தையும் குடியையும் தனித்தனிக் கதவுகளில் வைத்துப் பார்ப்பது உதவாது.

குடியை விடுவதற்கு நம் ஊரில் ஒரு வழி இருக்கிறது. கோயிலுக்குப் போய்ச் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வது, இல்லையென்றால் மாலை போட்டுக்கொள்வது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோயில் பக்கத்தில் இருக்கிறது. செலவில்லை. ஒரே நாளில் முடியும். ஊரே சாட்சியாக நின்று துணைக்கு வரும். தூரம் குறைவான உதவியை மக்கள் தயங்காமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவரின் மூளை, மதுவின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை முடுக்கிவைத்துப் பழகியிருக்கும். மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு, அதன்பின் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சித்தப்பிரமை. இதில் உயிர் போகலாம். சில நாள் மாத்திரைகளும், வைட்டமின் பி1 ஊசியும், கவனிப்பும் இருந்தால் பெரும்பாலோர் பத்திரமாகக் கடந்துவிடுவார்கள். கயிறு கட்டும் நாளுக்கு முன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்துவிட்டால் போதும்.

இந்தத் தூரத்தைத் தமிழ்நாட்டில் வெகு முன்னரே குறைத்துக் காட்டியவர் சாந்தி ரங்கநாதன். சென்னையில் 1980இல் டி.டி. ரங்கநாதன் பெயரில் போதை மீட்பு மையத்தைத் தொடங்கியவர். கிராமத்து ஏழைகள் சென்னைக்கு வந்து பல வாரம் தங்கி சிகிச்சை பெறுவது நடக்காத காரியம் என்று கண்டு, 1989இல் காவிரி டெல்டாவின் மஞ்சக்குடி கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோனார்கள். சுமார் இரண்டு வாரம் நடக்கும் முகாம். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து குடி நோயாளிகள் கூட்டமாக வந்து தங்குவார்கள். நச்சு நீக்கம், ஆலோசனை, மனைவியோடும் குடும்பத்தோடும் தனியே பேச்சு எல்லாம் அங்கேயே. முகாம் முடிந்த பிறகும் ஊரில் தொடர்ந்து பார்ப்பார்கள். கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்புவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஒளிந்து போக வேண்டியதில்லை. பிறகு தடுமாறும்போது பக்கத்துத் தெருவிலேயே ‘நானும் அங்க இருந்தேன்’ என்று சொல்ல ஓர் ஆள் இருப்பார்.

முகாம் அளவுக்குப் போகாத, நடுத்தரமான குடிப் பிரச்சினைக்கும் கோவாவில் இன்னொரு சோதனை நடந்தது. 377 ஆண்கள், அதிகம் போனால் நான்கு அமர்வுகள், இங்கும் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள்தான். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் முந்தைய இரு வாரங்களில் குடிக்கவே இல்லை. பெறாதவர்களில் 18 சதவீதம். தொடர்ந்து குடித்தவர்களிடம் அளவு குறையவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

கடன் அப்படியே இருக்கும்போது

கடனும் விலையும் மழையும் அப்படியே இருக்க, ஆலோசனை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விவசாயியின் துயரத்தை மனநோய் என்று பெயர் சூட்டி அரசு தப்பித்துக்கொள்ளக் கூடாது என்ற கோபம் அதில் இருக்கிறது. அந்தக் கோபத்தில் நானும் பங்காளி. கொள்முதல் விலையைப் பேச வேண்டிய இடத்தில் மாத்திரையை நீட்டுவது அநியாயம். ஆனால் கடன் தள்ளுபடி வரும்வரை மனச்சோர்வு காத்திருக்காது. வங்கிக்குப் போய்த் தவணை கேட்கவும், பயிர்க் காப்பீட்டுக்கு மனு எழுதவும் தெம்பு வேண்டும். நோய் முதலில் பறிப்பது அந்தத் தெம்பைத்தான்.

யாருக்காக இந்த ஏற்பாடு என்பதிலும் கவனம் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி விவசாயத்தைச் சார்ந்தவர்களில் 11,290 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிட்டவர்கள் 5,207 பேர்; விவசாயக் கூலிகள் 6,083 பேர். செய்தியில் நிலம் உள்ளவரின் முகம் வருகிறது. எண்ணிக்கையில் நிலம் இல்லாதவர் முந்தி நிற்கிறார். நாற்று நடுவதிலிருந்து மாட்டுக் கொட்டில்வரை எல்லாம் செய்யும் பெண்ணின் பெயர் பட்டாவில் இருக்காது. அவர் இறந்தால் ‘இல்லத்தரசி’ என்ற கட்டத்தில் எழுதப்படவே வாய்ப்பு அதிகம். விவசாயிகளுக்கான மனநலத் திட்டம் என்று அறிவித்துவிட்டு அடையாள அட்டை கேட்டால் இந்த இருவரும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

யார் முதலில் கேட்பது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் டெலி-மானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவி இயங்குகிறது. எண் 14416, தமிழிலேயே பேசலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு ஒரு பஸ்ஸுக்குள்ளேயே திரையும் மருந்தகமும் வைத்து, சென்னையில் இருக்கும் மனநல மருத்துவரைக் கிராமத்துத் தெருவில் பேசவைத்தது. கிலோமீட்டர் தூரத்துக்கு இவையெல்லாம் நல்ல பதில்கள்.

ஆனால் பஸ்ஸில் ஏறுவதற்கும் எண்ணை அழுத்துவதற்கும் முன்னால் யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2018 விவசாயச் சட்டத்துக்குப் பிறகு நிதி வந்ததும் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று, விவசாயி அடிக்கடி சந்திக்கும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது: கடன் அதிகாரி, கால்நடை மருத்துவர், விதை விற்பவர், வேளாண் விரிவாக்க அலுவலர். நமக்கு அந்தப் பட்டியல் இன்னும் நீளம். உரக்கடைக்காரருக்கு யார் பாக்கி வைத்திருக்கிறார், யார் கடைப் பக்கமே வராமல் சுற்றிப் போகிறார் என்று தெரியும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துச் செயலருக்கு யார் நகைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது என்று தெரியும். பால் சங்கத்தில் அளவு எடுப்பவர் ஒவ்வொரு வீட்டாரையும் தினம் இரண்டு வேளை பார்க்கிறார். பத்து லிட்டர் ஊற்றியவர் ஆறுக்கு இறங்கினாலும், அவருக்குப் பதில் மகன் வந்து ஊற்ற ஆரம்பித்தாலும் முதலில் கவனிப்பவர் அவர்தான்.

இவர்கள் சிகிச்சை செய்ய வேண்டியதில்லை. ‘என்னண்ணே, ரெண்டு வாரமா ஒரு மாதிரியா இருக்கீங்க. தூக்கம் வருதா?’ என்று கேட்கத் தெரிந்தால் போதும். பதில் கனமாக இருந்தால், ‘செத்துடலாம்னு தோணுதாண்ணே?’ என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்ற பயம் பரவலாக உண்டு; ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் சொல்ல ஆள் கிடைத்த ஆறுதல்தான் வருகிறது. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், வீட்டாருக்குச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து 14416ஐ அழைத்துப் போனை அவர் கையில் கொடுக்க வேண்டும். இந்த அளவுப் பயிற்சியை ஒவ்வொரு ஒன்றியத்திலும் பால் சங்க ஊழியர்களிடமிருந்து தொடங்கலாம். புதுக் கட்டடம் வேண்டாம், புது மருத்துவர்களைத் தேடிக் காத்திருக்க வேண்டாம்.